நாலு அங்குலக் குழாய்

காட்டூர் வீட்டில் விறகடுப்பு கட்டப் போகிறோம் என்று சொன்னதும் இரண்டு விதமான பதில்கள் வந்தன. சிலர், "ஆகா, விறகடுப்புச் சோறு, மண்சட்டிக் குழம்பு, அந்த ருசியே தனி" என்றார்கள். வேறு சிலர், "கேஸ் கொடுத்தும் பழைய புத்தி போகலையா?" என்றார்கள். முதல் பதிலைச் சொன்னவர்களில் ஊதுகுழல் பிடித்துக் கண் சிவந்தவர் ஒருவரும் இல்லை. இரண்டாம் பதிலைச் சொன்னவர்களில் மாதக் கடைசியில் சிலிண்டரைக் குலுக்கிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் வீட்டுக் கணக்கு. நாங்கள் ஆறு பேர். 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு முப்பது நாள் வரும், சிக்கனமாக இருந்தால் முப்பத்தைந்து. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியபோது சென்னையில் ஒரு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. இங்கே வீட்டுக்குத் தூக்கி வருகிறவருக்குக் கொடுப்பது தனி. அம்மாவுக்கு மூட்டுவலி, வெந்நீர் இல்லாமல் ஆகாது. கூட்டம் நடக்கிற நாளில் இருபது பேருக்குச் சோறு வடிக்க வேண்டும். அந்த அண்டாவை கேஸ் அடுப்பில் ஏற்றினால் அந்த மாதம் இருபதாம் தேதியே அடுப்பு அணைந்துவிடும். அதனால் காபி, தோசை, காலை அவசரத்துக்கெல்லாம் கேஸ். வெந்நீர், வடிசோறு, பெரிய குழம்பு எல்லாம் விறகு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2007-இல் இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசம் பல்லியாவில் தொடங்கியது. இரண்டும் பெண்களுக்குப் பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் இணைப்பு ஒரு முறை வருவது, சிலிண்டர் மாதா மாதம் வாங்க வேண்டியது. உஜ்வலா பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் நிரப்பினார்கள் என்று கணக்குத் தணிக்கைத் துறையின் 2019 அறிக்கை சொன்னது. மூன்று சிலிண்டரில் ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கச் சமைக்க முடியாது. மீதி நாட்களில் அந்த வீட்டில் என்ன எரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை. விறகு எரிந்தது, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

விறகு எப்படியும் எரியத்தான் போகிறது என்றால், அந்தப் புகையை அம்மாவின் நெஞ்சுக்குள் விடாமல் எரிப்பது எப்படி? எங்கள் முன் இருந்த கேள்வி இவ்வளவுதான்.

புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அது அடுப்புக்குள்ளேயே எரிந்துவிடும். கிடைக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக வீட்டில் சுற்றும். அதைத்தான் பி.எம். 2.5 என்கிறார்கள். அதோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாசனை கிடையாது. விறகோ கரியோ கனன்றுகொண்டிருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவே கூடாது என்பது அதனால்தான். வீட்டுக்குள் எரியும் எரிபொருட்களின் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையலறைகளில் இந்தப் புகையைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறவர்கள் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அவர்களும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2022-இல் வந்தது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் 3200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் இலவச எரிவாயுவும். மற்றவர்கள் வழக்கம்போல் விறகு, வரட்டி. விறகு எரித்தவர்கள் ஒரு நாளில் சுவாசித்த நுண்துகள் அளவு ஒரு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராம். எரிவாயு கிடைத்தவர்களுக்கு அது 24. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரியாக வைத்திருக்கும் வரம்பு 5. புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. இதைப் படித்துவிட்டு 'அப்ப எந்த அடுப்பா இருந்தா என்ன' என்று நாங்கள் முடிவு கட்டவில்லை. உடம்பு என்பது அடுப்பு மட்டும் அல்ல. சாப்பாடு, வேலை, தெருக்காற்று எல்லாம் சேர்ந்தது. அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று அரசும் சொல்ல முடியாது, நாமும் சொல்லக் கூடாது.

இனி தேர்வு. எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன.

ஒன்று, பொங்கல் சமயத்தில் விற்கும் சாதாரண மண் அடுப்பு. விலை குறைவு, எங்கும் தூக்கி வைக்கலாம். ஆனால் சட்டி உட்காரும் மூன்று குமிழுக்கு நடுவே தீயும் புகையும் வெளியே வரும். விறகின் சூட்டில் ஏழில் ஆறு பங்கு வீண்.

இரண்டு, இரும்பில் செய்த 'ராக்கெட்' அடுப்பு. உள்ளே முழங்கை மாதிரி வளைந்த பாதை இருப்பதால் தீ நன்றாக இழுக்கும், விறகு மிச்சமாகும். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 13152 படி மின்விசிறி இல்லாத விறகடுப்பின் திறன் குறைந்தது 25 சதவீதமாவது இருக்க வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலானவற்றில் புகைபோக்கி இல்லை. குறைந்தாலும் வருகிற புகை அறைக்குள்தான் நிற்கும்.

மூன்று, சின்ன விசிறி வைத்த அடுப்பு. புகை மிகக் குறைவு. ஆனால் சிலவற்றுக்கு அவர்கள் செய்த குச்சி உருண்டைதான் போட வேண்டும். பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு அடுப்பு இந்தியாவில் லட்சக்கணக்கில் விற்றது. உருண்டை விலை ஏறியதும் அடுப்புகள் மூலைக்குப் போயின. சிலிண்டருக்குக் காத்திருப்பது போதும், உருண்டைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நான்கு, புகைபோக்கியோடு கட்டும் இரட்டை அடுப்பு. முன் குழியில் நேர்த் தீ. அதைத் தாண்டிப் போகும் சூட்டில் பின்னால் கொடியடுப்பு. அங்கிருந்து குழாய் வழியாகக் கூரைக்கு மேலே. முன்னால் சோறு, பின்னால் வெந்நீர். இதைத்தான் எடுத்தோம்.

கட்டித் தந்தவர் பக்கத்துத் தெருச் சின்னம்மா. அரசு புகையில்லா அடுப்புப் பயிற்சி கொடுத்த காலத்தில் கற்றுக்கொண்டவர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அடுப்பைப் பற்றியது இல்லை.

"அக்கா, தினம் பொங்கற குண்டான் எது? எடுத்துட்டு வாங்க."

அம்மா குண்டானையும் வெந்நீர்த் தவலையையும் கொண்டுவந்து வைத்தார். புகைபோக்கி அடுப்பில் குமிழ் கிடையாது. பாத்திரம் குழியை மூடி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் குழாய் இழுக்காது, புகை முகத்தில் அடிக்கும். "அந்தக் காலத்துல எல்லா ஊட்டுக்கும் ஒரே அச்சு வச்சுப் போட்டாங்க. யார் ஊட்டுக் குண்டானும் பொருந்தலை. ஒரு மாசத்துல இடிச்சுட்டு மூணு கல்லு வச்சாங்க" என்றார். சும்மா இருக்கும் குழியை மூட ஒரு இரும்புத் தட்டும் செய்யச் சொன்னார்.

செங்கல்லை மண்ணில் அடுக்கி, களிமண், மணல், உமி, நறுக்கிய வைக்கோல், சாணம் குழைத்துப் பூசினார். தரையிலிருந்து மூன்று அங்குலம் உயரத்தில் வார்ப்பிரும்புச் சல்லடை. விறகு அதன் மேல் எரியும், காற்று கீழிருந்து வரும், சாம்பல் கீழே விழும். விறகு வைக்கும் வாயைச் சின்னதாக வைத்தார். பெரிய கட்டையைத் திணித்தால் காற்று போகாது. இதில் ஒரு விஷயம் உண்டு. வாய் சின்னதென்றால் விறகைச் சிறு சிறு துண்டாகப் பிளக்க வேண்டும். அந்த வேலையும் பெண் தலையில் விழுந்தால், புகையைக் குறைத்து முதுகை ஒடித்ததாகத்தான் ஆகும். விறகு பிளப்பதும் குழாய் துடைப்பதும் வீட்டு ஆண்களின் வேலை என்று மண் குழைக்கும் முன்பே பேசி முடித்தோம்.

குழாய்க்குத் திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனோம். திருச்சியின் பெல் ஆலை நாடு முழுக்க அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்கிறது. 1960-களில் இருந்து செய்கிறது. அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் காட்டூர், அரியமங்கலம் பிள்ளைகள் பலர் ஒப்பந்த வெல்டர்கள். தீயை எப்படி அடக்குவது, புகையை எந்த உயரத்துக்கு அனுப்புவது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அவர்கள் அம்மாக்களின் அடுப்பங்கரையில் மட்டும் நாலு அங்குலக் குழாய் கிடையாது. எங்களுக்குக் குழாய் செய்து தந்த தம்பி அளவு கேட்டுவிட்டு, "எங்க ஊட்டுக்கும் ஒண்ணு அடிக்கணும்ணே" என்றான்.

ஆஸ்பெஸ்டாஸ் குழாய் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். பழைய புகையில்லா அடுப்புகளில் அதுதான் இருந்தது. அதன் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தரும். புகைக்குப் பயந்து நாரைக் கட்டிக்கொள்ள முடியாது. அடியில் சூடு அதிகம் என்பதால் இரண்டடிக்கு நாகப் பூச்சில்லாத கறுப்புக் குழாய், அதற்கு மேல் ஜி.ஐ. குழாய். வளைவே இல்லாமல் நேராக. அடியில் கரி துடைக்க ஒரு மூடி. உச்சியில் ஐப்பசி மழைக்கு ஒரு தொப்பி. பின்கட்டுத் தகரக் கொட்டகையில் துளை போட்டுக் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் கழுத்து வைத்தோம். கீற்றுக் கூரையாக இருந்தால் கீற்றைக் குழாய் பக்கமே விடக் கூடாது. சுற்றிலும் அகலமாக வெட்டித் தகரம் வைக்க வேண்டும்.

குழாய் எவ்வளவு உயரம் என்பதில்தான் பேச்சு நீண்டது. ஆடியில் இங்கே காற்று மேற்கிலிருந்து பிய்த்துக்கொண்டு அடிக்கும். எங்களுக்குக் கிழக்கே உள்ள வீட்டு ஜன்னல் எட்டடி தள்ளி இருக்கிறது. அந்த வீட்டு அத்தை, "குப்பைமேட்டுப் புகை பத்தாதுன்னு உங்க புகை வேறயா?" என்றார். அரியமங்கலம் குப்பைக்கிடங்கு எரிந்த கோடைகளைப் பார்த்தவருக்கு அப்படிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. நம் வீட்டுப் புகையை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவதற்குப் பெயர் புகையில்லா அடுப்பு இல்லை. அவர் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே மூன்றடி போகும்படி குழாயைக் கூட்டினோம். காற்றில் ஆடாமல் இரண்டு பக்கம் கம்பி இழுத்துக் கட்டினோம். அதற்கு ஆன கூடுதல் செலவை அடுப்புச் செலவில்தான் எழுதினோம்.

இரண்டு வாரம் நிழலில் காய்ந்தது. வெடித்த இடத்தில் நீர்த்த மண் பூசினோம். முதல் நாள் கொட்டாங்குச்சி மட்டும் போட்டுச் சின்னத் தீ. வாய் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை உள்ளே வளைந்து போனது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாப்பது வருசமா இது என் பக்கம்தான் வந்துச்சு" என்றார்.

விறகைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பச்சை விறகில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். அதைக் காய்ச்சவே சூடு போய்விடும், மிச்சம் புகை. கருவேலமோ சவுக்கோ, மழை படாமல் இரண்டு மூன்று மாதம் அடுக்கிக் காய வைக்க வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. பிளைவுட் பசையின் புகை விறகுப் புகையைவிட மோசம். மாதம் இரு முறை குழாயில் கரி துடைக்க வேண்டும். துடைக்காத குழாய் ஒரு நாள் உள்ளேயே பற்றிக்கொள்ளும்.

இத்தனையும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பதுதான் எங்களைத் தூங்கவிடாதது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று 1953-இல் புத்தகமே போட்டார். 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு நல்ல அடுப்பு ஒன்றை வடிவமைத்தது. 1983-இல் தொடங்கி 2002 வரை நடந்த தேசியத் திட்டம் மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கணக்கில் காட்டியது. நமக்கு நேராகப் பொருந்தும் ஒன்றும் உண்டு. 1985-இல் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே வந்தது. அதன் விதிமுறையில் ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறையும் புகையில்லா அடுப்பும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. உங்கள் காலனியின் பழைய தொகுப்பு வீடுகளுக்குப் போய் மேலே பாருங்கள். புகைபோக்கி இருந்த சுவடு எத்தனை வீட்டில் இருக்கிறது? அடுப்பங்கரைச் சுவர் என்ன நிறத்தில் இருக்கிறது?

ஒடிசாவில் 2600 வீடுகளில் நான்கு ஆண்டு நடந்த ஆய்வும் இதையே சொன்னது. அடுப்பு கட்டிக் கொடுத்த முதல் ஆண்டில் புகை குறைந்தது. பிறகு உடைந்ததைச் சரிசெய்வார் இல்லை, பயன்படுத்துவதும் குறைந்தது, பலனும் போய்விட்டது. மக்களுக்கு அறிவில்லை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். சின்னம்மா கேட்ட கேள்வியை அந்த வீடுகளில் யாராவது கேட்டார்களா என்று நாம் கேட்போம்.

ருசி பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருச்சி தஞ்சாவூர் சாலையில் 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை வைத்த உணவகங்கள் கூடிவிட்டன. சாப்பிடுங்கள், ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மண்மணத்தில் நம் கதை இல்லை. ஊர்க் கல்யாணத்துக்குக் கோட்டையடுப்பு வெட்டவும் விறகு பிளக்கவும் சேரி ஆட்கள் வேண்டும், அண்டாவில் கரண்டி போட மட்டும் கூடாது. இது தாத்தா காலத்துக் கதை என்று நினைத்தால், 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியின் சத்துணவு அடுப்பில் ஒரு அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் முதலில் மாற்றியது அந்தப் பெண்ணின் பணியிடத்தைத்தான். போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பதில் சொல்லிவிட்டார். கிராமத்து அடுப்பைப் புகழ்கிறவர்களுக்கும் அதே பதில் போதும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு அடுப்பும் எரிகின்றன. சிலிண்டர் விலை கைக்கு எட்டும் அளவுக்கு வந்தால் விறகடுப்பை வெந்நீருக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். நல்ல விறகடுப்பு கிடைத்துவிட்டது என்பதற்காக மலிவான எரிவாயு கேட்பதை விடக் கூடாது. விறகு ஏழைக்கு, எரிவாயு வசதிக்காரருக்கு என்று இன்னொரு வரப்பு போட நாமே இடம் கொடுத்ததாக ஆகிவிடும்.

கேட்க வேண்டியவை மூன்று. சிலிண்டர் விலை கூலிக்காரர் வாங்கும் விலையாக இருக்க வேண்டும். அரசு கட்டித் தரும் ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக்குத் தனி இடமும் கூரை தாண்டும் புகைபோக்கியும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். அடுப்பு கட்டத் தெரிந்த பெண்களுக்குக் கூலியோடு வேலை கொடுத்து, கட்டியதைப் பராமரிக்கவும் அவர்களையே வைக்க வேண்டும். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து கிழக்கு வீட்டு அத்தை போட்டது. சின்னம்மாவுக்கு இந்த மாதம் மூன்று வீட்டில் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் வேண்டுமென்றால் முதலில் தினம் பொங்கும் குண்டானை அளந்து வையுங்கள்.